தாய்மாமனுக்குப் பெண் கொடுக்கலாமா?

கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டால் எங்கள் திருவண்ணாமலையில் எந்த வீட்டிலும் நிம்மதியாக உட்கார்ந்து பேச முடியாது. வெளியூர் உறவுகள் எத்தனை பேர் வருவார்கள், யாரை எங்கே படுக்க வைப்பது, பாய் போதுமா, தண்ணீர் வருமா என்று ஒரே அமளி. அந்த அமளிக்கு நடுவில்தான் எதிர்வீட்டு அம்மாள் கையில் நனைந்த அரிசி மாவோடு ஓடி வந்தாள்.

"டீச்சரக்கா, ஒரு நிமிஷம் வாங்க. எங்கம்மா ஊர்லேருந்து வந்திருக்காங்க. என் தம்பிக்கு எம் பொண்ணைக் கேக்கறாங்க. எம் பொண்ணு முடியாதுங்கறா. சொந்தத்துல கட்டினா கொழந்தைங்களுக்கு ஆகாதுன்னு காலேஜ்ல சொன்னாங்களாம். நீங்க சயின்ஸ் டீச்சரா இருந்தவங்க. நீங்களே வந்து சொல்லிடுங்க."

ஓய்வு பெற்ற பிறகும் உயிரியல் டீச்சரை யாரும் விடுவதில்லை. போனேன்.

திண்ணையில் ஆயா உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. கணீரென்ற குரல். நான் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "இன்னா டீச்சரம்மா, நானும் எந் தாய்மாமனைத்தான் கட்டிக்கினேன். எங்கம்மாவும் அத்தை மவனைத்தான் கட்டிக்கிச்சு. எங்களுக்கு இன்னா ஆயிடுச்சு? கண்ணு குருடா, காலு நொண்டியா? இந்தக் காலத்துப் பசங்க ரெண்டு எழுத்து படிச்சிட்டு நம்ம வழக்கத்தையே தப்புங்குது."

சகோதரிகளே, உங்களில் பலர் வீட்டில் இதே வாக்குவாதம் நடந்திருக்கும். ஆயா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. படித்தவர்கள் நாம் அந்தப் பாதியைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. மீதிப் பாதியை ஆயாவுக்கு யாரும் சொன்னதில்லை.

முதலில் அவர் பக்கத்து உண்மை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சுந்தர் ராவ், இன்பராஜ் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். வட ஆற்காடு மாவட்டத்துத் தாய்மார்களிடம் கர்ப்பம், கருச்சிதைவு, பிரசவம், குழந்தை இறப்பு எல்லாவற்றையும் விசாரித்து 1977-ல் வெளியிட்டார்கள். அப்போது நம் திருவண்ணாமலையும் வட ஆற்காட்டைச் சேர்ந்ததுதான், தனி மாவட்டம் ஆனது 1989-ல். கிராமங்களில் கிட்டத்தட்டப் பாதிக் கல்யாணம் சொந்தத்தில் நடந்திருந்தது. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சொந்தத்தில் கட்டியவர்களுக்குக் கருச்சிதைவும் இறந்து பிறப்பதும் ஏகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், பெரிய வித்தியாசமே தெரியவில்லை. 1980-ல் பிறந்த குழந்தைகளின் எடை, உடற்குறை இவற்றைப் பார்த்தார்கள். அதிலும் அப்படித்தான்.

இது எப்படி? மேல்நாட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஆபத்து, ஆபத்து என்கின்றனவே! மும்பையில் சங்வி என்ற விஞ்ஞானி 1966-லேயே ஒரு காரணம் சொல்லியிருந்தார். நூற்றுக்கணக்கான வருஷங்களாகச் சொந்தத்திலேயே கட்டிக்கொண்டு வந்ததால், தெற்கத்தி ஜனங்களிடையே கெட்ட ஜீன்களில் பல ஏற்கெனவே கழிந்து போயிருக்கலாம் என்றார். அதாவது ஜனங்களுக்குள் ஓடும் ஜீன்களின் விகிதமே மாறிப்போயிருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், அவசரப்பட்டால் புரியாது.

நம் உடம்பில் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. பூஜையறையில் இரண்டு குத்துவிளக்கு ஏற்றி வைத்த மாதிரி. ஒரு விளக்கில் எண்ணெய் இல்லாமல் அணைந்தாலும் இன்னொன்று எரிந்தால் அறை வெளிச்சமாகத்தான் இருக்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இரண்டும் அணைந்தால்தான் இருட்டு. அதனால் ஒரு பழுதுப் பிரதியை மட்டும் சுமப்பவருக்கு வியாதி இல்லை. அதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். பாதிக்குப் பாதி.

ஆயிரம் பேர் உள்ள ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு வீதம் ஒரு ஜீனுக்கு இரண்டாயிரம் பிரதிகள். அதில் 40 பழுது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம், ஐம்பதுக்கு ஒன்று. சொந்தம் பார்க்காமல் கலந்து கட்டிக்கொண்டால், இரண்டு பழுதும் ஒரே குழந்தையிடம் சேருவது 2,500 குழந்தைகளுக்கு ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொண்டால் சுமார் 600-க்கு ஒன்று. தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் சுமார் 350-க்கு ஒன்று. ஒரே பாட்டி தாத்தாவின் பழுது இரண்டு வழியாக இறங்கி வந்து ஒரே தொட்டிலில் சந்திக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

இப்போது அடுத்த தலைமுறையில் ஆயிரம் குழந்தை பிறக்கிறது. எல்லாம் மாமன் கல்யாணம் என்றால் மூன்று குழந்தைகளுக்கு அந்த வியாதி வரும். வைத்தியம் இல்லாத காலத்தில் மூன்றும் இறக்கும். அவற்றோடு ஆறு பழுதுப் பிரதிகள் ஊரை விட்டுப் போய்விடும். நாற்பதில் ஆறு! கலந்து கட்டிய ஊரிலோ ஒரு பிரதிகூட முழுசாகப் போகாது, அத்தனையும் ஒளிந்துகொண்டே இருக்கும். முறத்தில் போட்டுப் புடைக்கிற மாதிரி, சொந்தத்துக் கல்யாணம் பழுதை மேலே கொண்டுவந்து தள்ளுகிறது. இப்படிப் பல தலைமுறை புடைத்தால் அரிசி சுத்தமாகும் என்பதுதான் சங்வி சொன்னதன் சாரம்.

ஆயாவிடம் இதை எளிமையாகச் சொன்னேன். அவருக்கு ஏக சந்தோஷம். "பாத்தியா? டீச்சரம்மாவே சொல்லிட்டாங்க!" என்று மகளைப் பார்த்தார். பெண் உள்ளே கதவோரம் நின்று என்னை முறைத்தாள்.

"ஆயா, கொஞ்சம் இருங்க" என்றேன். "முறத்துல புடைச்சா கல்லும் நொய்யும் வெளியே விழுது. இங்கே வெளியே விழுந்தது என்ன தெரியுமா? கொழந்தைங்க. உங்களுக்கு எத்தனை கொழந்தை?"

"எட்டு பெத்தேன். இருக்கறது அஞ்சு."

"மத்த மூணும்?"

ஒன்று பேதி கண்டு போனதாம். அதை அவர் சாதாரணமாகவே சொன்னார். மற்ற இரண்டைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. நன்றாகத்தான் பிறந்ததாம். ஆறு மாதம் கழித்து வெளுக்க ஆரம்பித்ததாம். "மொகமெல்லாம் சுண்ணாம்பு மாரி. வயிறு மட்டும் உப்பிக்கினு வந்துச்சு. மந்திரிச்சோம், தாயத்து கட்டினோம். ஒண்ணு ரெண்டு வயசுக்கு முன்ன, இன்னொண்ணு மூணாவது வயசுல. ரெண்டும் ஒரே மாரி." பிறகு எதையோ முழுங்கிக்கொண்டு சொன்னார், "எங்க மாமியா என்னை ராசி இல்லாதவன்னு சொல்லிக்கினே செத்தாங்க."

மாமியார் என்றால் அவருக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி. நினைத்துப் பாருங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் இறந்த குழந்தைகளுக்கு இன்ன வியாதிதான் என்று திண்ணையில் உட்கார்ந்து யாரும் சொல்லவும் முடியாது. ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு வெளுப்பு, வயிற்றில் மண்ணீரல் வீக்கம், ஒரே வீட்டில் இரண்டு குழந்தை என்றால் தலசீமியா ஞாபகம் வரத்தான் செய்யும். ரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபினைச் செய்கிற ஜீன் இரண்டு பிரதியும் பழுதான வியாதி அது. இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் ஒரு பழுதுப் பிரதியைச் சுமக்கிறார்கள் என்று கணக்கு. அவர்களுக்கு வியாதி கிடையாது, கொஞ்சம் ரத்தசோகை போலக் காட்டும். கணவன் மனைவி இருவரும் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. எட்டில் இரண்டு போனது அந்தக் கணக்குக்கு ஒத்துப்போகிறது.

இத்தனை கொடிய ஜீன் ஏன் இன்னும் கழியாமல் இத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்பீர்கள். புடைக்கும் கை ஒன்றுதான் என்று நினைத்ததில்தான் தவறு. கொசுவும் ஒரு கை. ஒரு பழுதுப் பிரதி உள்ளவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை. ஹால்டேன் என்ற விஞ்ஞானி தலசீமியாவைப் பற்றி 1949-ல் இதைச் சொன்னார். (அவர் 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, வேட்டி ஜிப்பாவில் நடமாடி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார்.) நம் நீலகிரியில் 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் மலைவாழ் ஜனங்களின் ரத்தத்தைச் சோதித்து அரிவாள் செல் ஜீன் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் ஹீமோகுளோபின் சம்பந்தப்பட்டதுதான், இரண்டு பிரதி சேர்ந்தால் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து தாங்க முடியாத வலி. அதுவரை ஆப்பிரிக்காவோடு சேர்த்தே பேசப்பட்ட ஜீன் நம் மலையில்! மலேரியாக் காட்டில் ஒரு பிரதி உயிரைக் காக்கிறது, இரண்டு பிரதி உயிரை எடுக்கிறது. அதனால் அது கூடிக்கொண்டே போகவும் இல்லை, ஒழியவும் இல்லை. மத்திய அரசு 2023 ஜூலையில் இந்த வியாதியை 2047-க்குள் ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கி, பழங்குடி ஜனங்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து அட்டை கொடுத்து வருகிறது.

ஜீன் விகிதம் மாறுவதற்கு நல்லது கெட்டது என்ற காரணமே வேண்டியதில்லை, வெறும் அதிர்ஷ்டமும் போதும். டப்பாவில் நூறு மொச்சை, அதில் இரண்டு கறுப்பு. கண்ணை மூடிப் பத்து எடுத்தால் பெரும்பாலும் கறுப்பு வராது. தப்பித் தவறி ஒன்று வந்துவிட்டால்? நூற்றுக்கு இரண்டாக இருந்தது பத்துக்கு ஒன்றாகிவிட்டது. அந்தப் பத்து பேர் ஓர் ஊரைத் தொடங்கி, தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டு பல்கிப் பெருகினால் ஊர் முழுக்க அதே பங்கு. உறை மோர் மாதிரி. ஒரு கரண்டிதான் ஊற்றுகிறோம், அது புளித்திருந்தால் சட்டி முழுக்கப் புளிப்பு.

நம் ஜாதிகள் பல இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் தங்கராஜ் என்ற நம்மூர்க்காரரும், அமெரிக்காவில் டேவிட் ரைக் முதலியவர்களும் சேர்ந்து தெற்காசியாவின் 263 சமூகங்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். அதில் 81 சமூகங்களுக்கு இந்த உறை மோர் கதை பலமாக இருந்தது. ஆரிய வைசியர்களில் சிலருக்கு ஆபரேஷனுக்கு முன் தசையைத் தளர்த்தப் போடும் ஒரு மருந்து உடம்பை விட்டு இறங்க நெடுநேரம் ஆகும் என்பது மயக்க மருந்து டாக்டர்களுக்குத் தெரிந்த சங்கதி. அந்த வீட்டுப் பெண்கள் சிசேரியன் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஆக, "நாங்க சொந்தத்துல கட்டல, ஜாதிக்குள்ளதான் கட்டினோம்" என்று நிம்மதியாக இருப்பவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொரு ஜீன் கதையும் சொல்லிவிடுகிறேன், இது வீட்டுக்காரர் விஷயம். இதயத் தசையில் உள்ள ஒரு புரதத்துக்கான ஜீனில் 25 எழுத்துகள் விட்டுப்போன ஒரு வடிவம் நம் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்ட ஆராய்ச்சி, 2009-ல் வெளியானது. வயதான பிறகு இதயம் பலவீனப்படும் ஆபத்தை இது கூட்டுகிறது. இவ்வளவு பேரிடம் எப்படித் தங்கியது? தொல்லை வருவது நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல். அதற்குள் பிள்ளை குட்டி பெற்று ஜீனைக் கொடுத்தாகிவிட்டது. புடைக்கிற முறத்துக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

இனி, ஆயாவின் மீதிப் பாதி. வட ஆற்காட்டு ஆய்வு கடைசித் தீர்ப்பு இல்லை. பிறகு பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஆலன் பிட்டில்ஸ் என்பவர், முறைப்பிள்ளை முறைப்பெண் ஜோடிகளின் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று நான்கு கூடுதலாக இறப்பதாகக் கண்டார். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளின் குடும்பத்தை விசாரித்தால் சொந்தத்துக் கல்யாணம் அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. புடைத்து முடித்த அரிசியிலும் கல் இருக்கிறது, புதிதாகவும் விழுகிறது. மேலும், அந்தக் காலத்தில் எட்டு பெற்று மூன்று போனால் ஊரில் யாரும் கணக்கு வைக்கவில்லை, அடுத்த வீட்டிலும் அதே கதைதான். இன்று ஒன்றோ இரண்டோதான். அதில் ஒன்று போனால்?

வழக்கமும் குறைந்துதான் வருகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சொந்தத்தில் கட்டியவர்கள் 28 சதவீதம். நாட்டிலேயே அதிகம் நம்முடையதுதான் என்றாலும், பழைய பாதிக்குப் பாதி இல்லை. ஒரு விசித்திரம் பாருங்கள். வெளியில் கட்டினால் வியாதிக் குழந்தைகள் உடனே குறைவார்கள், ஆனால் பழுதுப் பிரதிகள் கழிவதும் நின்றுவிடும், ஒளிந்தபடியே பேரன் பேத்திகளுக்குப் போகும். அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க இப்போது தொட்டில் தேவையில்லை, ஒரு சின்னப் புட்டி ரத்தம் போதும்.

அன்று மாலையே அந்த வீட்டாரிடம் சொன்னேன். ஆயாவும் தாத்தாவும் இருவருமே சுமந்தவர்களாக இருந்திருந்தால், உயிரோடு இருக்கும் நல்ல பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சுமப்பவர்களாக இருப்பார்கள். மாப்பிள்ளைக்கு மூன்றில் இரண்டு. பெண்ணின் அம்மாவுக்கு அதே. பெண்ணுக்கு அதில் பாதி, மூன்றில் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் ஒன்பதில் இரண்டு. அப்படி இருவருமே சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒன்று, ஆக மொத்தம் பதினெட்டுக்கு ஒன்று. ஊரில் மற்றவர்கள் கணக்கோடு ஒப்பிட்டால் இது ரொம்ப அதிகம். ஆனால் பெருக்கிப் பார்த்துப் பயப்படுவதை விட ரத்தம் எடுத்துப் பார்ப்பது மேல்.

என்ன பரிசோதனை என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சாதாரண ரத்த எண்ணிக்கை. சிவப்பணு அளவில் சிறுத்திருந்தால், ஹெச்.பி.எல்.சி. என்ற முறையில் ஹீமோகுளோபின் ஏ-2 அளவு பார்ப்பார்கள். 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் சுமப்பவர் என்று சந்தேகம். இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் இந்த அளவு ஏமாற்றலாம், ஆகவே டாக்டர் சொல்லட்டும். எத்தனையோ பெண்கள் தலசீமியாவைச் சுமப்பது தெரியாமல் வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிடுகிறார்கள். சுமப்பது வியாதி இல்லை, கல்யாணத்துக்குத் தடையும் இல்லை. இருவரும் சுமந்தால்தான் பேச்சு. அப்படிக் கட்டிக்கொண்டவர்களும் கர்ப்பம் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் கருவைச் சோதித்துப் பார்க்கலாம். ஏற்கெனவே வியாதியோடு பிறந்த குழந்தைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றுவார்கள், சேரும் இரும்பை எடுக்க மருந்து கொடுப்பார்கள். வேலூர் போன்ற இடங்களில் எலும்பு மஜ்ஜை மாற்றும் செய்கிறார்கள். செலவும் அலைச்சலும் உண்டு, ஆனால் ஆயா காலத்து இருட்டு இல்லை.

தீபம் முடிந்து, வந்த கூட்டம் எல்லாம் கிரிவலம் சுற்றிக் கிளம்பிய பிறகு நான்கு பேரும் ரத்தம் கொடுத்தார்கள். ஆயாவும் பிடிவாதமாகக் கொடுத்தார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. ஆயா சுமப்பவர். அவர் மகளும் சுமப்பவர், மகனும் சுமப்பவர். பெண்ணுக்கு மட்டும் இல்லை.

நான் காகிதத்தைப் படித்துச் சொன்னபோது ஆயா கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப எங்க மாமனும் சுமந்திருப்பாரா?" என்றார். குழந்தைகள் அந்த வியாதியில் போயிருந்தால் நிச்சயம் சுமந்திருப்பார் என்றேன். "அப்ப எம் மாமியா சொன்னாங்களே, ராசின்னு. அது அவங்க வீட்டுலேருந்தே வந்ததா?" ஆமாம் ஆயா, அந்த வீட்டு ரத்தம்தானே உங்கள் உடம்பிலும் ஓடுவது என்றேன். அவர் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இரண்டு குழந்தைகளின் பெயரைச் சொன்னார். அவர் மகளே அந்தப் பெயர்களைக் கேட்டது அன்றுதான் முதல் தடவையாம்.

இந்த ஒரு ஜீனைப் பொறுத்தவரை கல்யாணத்துக்குத் தடை இல்லை, ஆனால் மற்ற ஜீன்களைப் பற்றி இந்தக் காகிதம் ஒன்றும் சொல்லாது, மூன்று தலைமுறைச் சொந்தம் சேர்ந்த வீடு என்பதால் எச்சரிக்கை நல்லது என்று அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பெண் வெளியே வந்தாள். "டீச்சர், ரத்தத்துல இல்லன்னா கட்டிக்கணும்னு ஆயிடுமா? சின்ன வயசுலேருந்து மாமான்னு கூப்பிட்டுத் தோள்ல ஏறி தேர் பாத்தவ நான். எனக்கு பி.எட். சேரணும். அதைத்தான் மொதல்லேருந்து சொல்றேன். யாரும் கேக்கல."

எனக்கும் சுருக்கென்றது. ஜீன் கணக்கெல்லாம் போட்டேனே தவிர, நானும் அவளைக் கேட்கவில்லைதான்.

அவள் இப்போது பி.எட். சேர்ந்துவிட்டாள். தம்பிக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள். ஜாதகத்தோடு ஏ-2 அளவையும் வாங்கி வரச் சொல்லித் தரகரிடம் ஆயா கண்டிஷன் போட்டிருக்கிறாராம். தரகர் விழிக்கிறார் என்று கேள்வி.